போலாரிமீட்டரில் 13.3 டிகிரி வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஒரு கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை எத்தனை டிகிரி திருப்புகிறது என்று அளக்கும் கருவிதான் போலாரிமீட்டர். 10 கிராம் சர்க்கரையை 100 மில்லி கரைசலாக்கி, 20 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றி, சோடியம் விளக்கின் முன் வைத்தால் போலாரிமீட்டர் 13.3 டிகிரி காட்ட வேண்டும். கணக்கு எளிது. சர்க்கரையின் ஸ்பெசிஃபிக் ரொட்டேஷன் (மில்லிக்கு 1 கிராம் செறிவு, 1 டெசிமீட்டர் நீளம் என்று கணக்கிட்டால் வரும் திருப்பம்) 66.5. குழாயின் நீளம் 2 டெசிமீட்டர். செறிவு மில்லிக்கு 0.1 கிராம். மூன்றையும் பெருக்கினால் 13.3.

இந்த எண் மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சீனியர் நோட்டு இருக்கிறதே! அதனால் 12.5 வந்தால் 13.3 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பல வருடம் இந்தக் கருவியோடு உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது. 12.5 என்பது வெறும் தப்பான எண் இல்லை. என்ன தவறு நடந்தது என்று அந்த எண்ணே சொல்கிறது. 76.7 வந்தால் வேறொரு தவறு, 166.7 வந்தால் இன்னொன்று. எண்ணைத் திருத்திவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். எனவே வந்ததை அப்படியே பென்சிலில் குறித்துக்கொண்டு, கீழே உங்கள் அறிகுறி எது என்று தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். "சர்க்கரைக் கரைசலில் ஒளி வளைகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். ஒளி வளைவதில்லை, நேராகத்தான் போகிறது. அதன் அதிர்வுத் தளம்தான் போகப் போகத் திரும்புகிறது. தளவிளைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலமாகச் சுழலும் ஒரு பகுதியும் இடமாகச் சுழலும் ஒரு பகுதியும் சேர்ந்ததாக பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனல் பார்த்தார். சர்க்கரைக்குள் இந்த இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. வெளியே வந்து மறுபடி சேரும்போது தளம் ஒரு கோணம் திரும்பியிருக்கிறது. கரைசலில் மூலக்கூறுகள் கண்டபடி உருண்டுகொண்டிருக்கும்போது இந்தத் திருப்பம் எப்படி அடிபட்டுப் போகாமல் இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் ஒரு திருகாணியைக் கொடுப்பேன். தலைகீழாகப் பிடித்தாலும் வலமரை வலமரையாகவே இருக்கும். சர்க்கரை மூலக்கூறும் அப்படித்தான்.

"விளக்கு எரிகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது"

சோடியம் விளக்கு போட்டதும் செக்கச் செவேலென்று எரியும். அது உள்ளே இருக்கும் நியான். சோடியம் சூடாகி ஆவியாகிப் பளிச்சென்ற மஞ்சள் வர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதுவரை அளவு எடுக்காதீர்கள். விளக்கை அணைத்து அணைத்துப் போடவும் வேண்டாம்.

"நடுக்கோடு தெரியவில்லை"

கண்ணருகு வில்லையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒளிப்புலத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு தலைமுடி போல மெல்லியதாகத் தெரிய வேண்டும். வெற்றுக் கருவியில் சரிசெய்த குவியம், குழாயை வைத்ததும் மாறிவிடும். மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

"எவ்வளவு திருப்பினாலும் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கின்றன" அல்லது "விடை 76.7 / 103.3 வருகிறது"

இந்த இரண்டு அறிகுறிக்கும் ஒரே காரணம். இந்தப் பரிசோதனையில் அதிகம் பேர் விழும் குழியும் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

லாரென்ட் ஹாஃப் ஷேட் வகைப் போலாரிமீட்டரில் ஒளிப்புலத்தின் ஒரு பாதியில் குவார்ட்ஸ் தகடு, மறுபாதியில் சாதாரணக் கண்ணாடி. இதனால் இரண்டு பாதியிலிருந்தும் வரும் ஒளியின் தளங்களுக்கு இடையே ஒரு சிறு கோணம் இருக்கும். அனலைசரை (கண் பக்கம் இருக்கும், ஒரே தளத்து ஒளியை மட்டும் விடும் திருப்பக்கூடிய பாகம்) ஒரு முழுச் சுற்று திருப்பினால் இரண்டு பாதியும் சமமாகும் இடங்கள் நான்கு வரும். இரண்டில் ஒளிப்புலம் முழுக்க இருட்டாக இருக்கும், இரண்டில் வெளிச்சமாக இருக்கும். இருட்டான சமநிலையில் மட்டுமே அளவு எடுக்க வேண்டும்.

ஏன் என்று எண்ணில் பாருங்கள். இரண்டு தளங்களுக்கும் இடையே 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இருட்டுச் சமநிலையிலிருந்து அனலைசரை 1 டிகிரி நகர்த்தினால் ஒரு பாதியின் பிரகாசம் மற்றதைப் போல 2.2 மடங்கு ஆகிவிடும். எந்தக் கண்ணுக்கும் தெரியும். வெளிச்சச் சமநிலையிலிருந்து அதே 1 டிகிரி நகர்த்தினால் வித்தியாசம் வெறும் 0.6 சதவீதம். யார் கண்ணுக்கும் தெரியாது. "எவ்வளவு திருப்பினாலும் மாறவே இல்லை" என்று சொல்பவர் அங்கேதான் நிற்கிறார். கருவியில் கோளாறு இல்லை. அனலைசரை 90 டிகிரி தள்ளிக் கொண்டுபோங்கள்.

தண்ணீருக்கு இருட்டிலும் கரைசலுக்கு வெளிச்சத்திலும் அளவெடுத்தால் நடுவே ஒரு 90 புகுந்துவிடும். 90 கூட்டல் 13.3 என்றால் 103.3. எதிர்ப்பக்கமாகப் போயிருந்தால் 76.7. இந்த இரண்டு எண்களில் ஒன்று வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சரியான இடத்தை அடையாளம் காணும் விதம் இது. முதலில் ஒளிப்புலம் மொத்தமும் கருத்துக்கொண்டு வரும் பக்கமாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் இடது பாதி நல்ல கறுப்பாகவும் வலது பாதி மஞ்சளாகவும் இருக்கும். இன்னும் சில டிகிரி தள்ளினால் வலது கறுத்து இடது மஞ்சளாகும். இந்த இரண்டுக்கும் நடுவே மங்கலான காவி நிறத்தில் நடுக்கோடே மறைந்துபோகும் ஓர் இடம் உண்டு. விரல் லேசாக அசைந்தாலே கோடு மறுபடி தோன்றும். அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டியது. கோடு மறைந்த இடத்தை இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை நெருங்கி, இரண்டின் சராசரியை எடுங்கள். அறையை இருட்டாக்கி, கண் பழகச் சில நிமிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

"தண்ணீருக்கே பூஜ்யம் வரவில்லை"

வர வேண்டியதில்லை. அது சுழிப்பிழை. குறித்துக்கொண்டு கரைசலின் அளவிலிருந்து கழியுங்கள். வெற்றுக் கருவியில் எடுப்பதைவிட, அதே குழாயில் வாலைவடிநீர் ஊற்றி எடுப்பது சரி. குழாயின் கண்ணாடிகளில் ஏதாவது குறை இருந்தால் அதுவும் இதில் கழிந்துவிடும்.

"விடை 166.7 வருகிறது"

பல கருவிகளில் வட்ட அளவுகோலை 0 முதல் 180 வரை இரண்டு முறை எழுதியிருப்பார்கள். தண்ணீருக்கு 176.4, கரைசலுக்கு 9.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 166.7. ஆனால் அனலைசர் 180-ஐத் தாண்டி வந்திருக்கிறது. 9.7 என்பது இங்கே 189.7. கழித்தால் 13.3. கணக்கில்தான் பிழை, பரிசோதனை அருமையாக நடந்திருக்கிறது!

இதை ஒட்டி ஒரு நல்ல கேள்வியும் உண்டு. அனலைசர் காட்டுவது 13.3-ஆ, அதோடு 180 சேர்ந்த 193.3-ஆ, எதிர்த்திசையில் 166.7-ஆ என்று எப்படித் தெரியும்? ஒரே ஓர் அளவை வைத்துச் சொல்ல முடியாது. கரைசலைச் சரிபாதியாக நீர்த்துப்போகச் செய்யுங்கள், அல்லது 10 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றுங்கள். உண்மையில் 13.3 என்றால் இப்போது 6.65 காட்டும். மற்ற இரண்டில் எதுவாக இருந்தாலும் 96.65-இல் வந்து நிற்கும். தெரியாத பொருளை முதல் தடவை அளக்கும்போது இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

"12.5-க்குப் பக்கத்தில் வருகிறது"

எத்தனை முறை எடுத்தாலும் 12.5, 12.6 என்றே வருகிறதா? அப்படியானால் கருவியை விட்டுவிட்டுக் குடுவையைப் பாருங்கள். 10 கிராம் சர்க்கரையில் 100 மில்லி தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். 10 கிராம் சர்க்கரையே கரைசலில் ஏறக்குறைய 6.2 மில்லி இடம் பிடிக்கும். மொத்தம் 106 மில்லிக்கு மேல் போய்விடும். செறிவு 0.1-க்குப் பதில் 0.094 ஆகிவிடும், சுழற்சி 12.5 ஆகும். சர்க்கரையை முதலில் 60, 70 மில்லி தண்ணீரில் கரைத்து, அளவுக் குடுவைக்கு மாற்றி, பீக்கரை இரண்டு தடவை அலசி ஊற்றி, அப்புறம் கோடு வரை நிரப்ப வேண்டும். சூடாக்கிக் கரைத்திருந்தால் அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே கோடு வரை நிரப்புங்கள்.

குளுக்கோஸில் இதே மாதிரி இன்னொரு பொறி இருக்கிறது. புட்டியில் 'மோனோஹைட்ரேட்' என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு 198 கிராமிலும் 18 கிராம் தண்ணீர். 10 கிராம் எடுத்தால் உண்மையில் 9.1 கிராம்தான் குளுக்கோஸ். 10.5 டிகிரி எதிர்பார்த்த இடத்தில் 9.6 வரும்.

"பத்து மடங்கு தப்பு வருகிறது"

கணக்கிட்ட ஸ்பெசிஃபிக் ரொட்டேஷன் 66.5-க்குப் பதில் 6.65 வந்தால் குழாயின் நீளத்தை சென்டிமீட்டரில் போட்டிருக்கிறீர்கள். இந்தச் சூத்திரத்தில் நீளம் டெசிமீட்டரில். 20 சென்டிமீட்டர் என்றால் 2.

"ஒளிப்புலத்தில் மேகம் மாதிரி கறை, இருட்டவே மாட்டேன் என்கிறது"

முதலில் குமிழி. குழாயின் ஒரு பக்கம் புடைத்திருக்கும். குழாயைச் சாய்த்துக் குமிழியை அந்தப் புடைப்புக்குள் தள்ளிவிட்டுக் கிடையாக வையுங்கள். அடுத்து, முனைக் கண்ணாடியில் கைரேகையோ ஒட்டிய பாகோ இருந்தால் துடைத்துவிடுங்கள். பார்வை நெளிநெளியாக, வெயிலில் தார்ச்சாலையைப் பார்ப்பது போல இருந்தால் கரைசல் சரியாகக் கலக்கவில்லை. குடுவையை மூடிப் பத்துப் பதினைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கறை போகவில்லை என்றால் மூடியைப் பாருங்கள். ஒரு வருடம் ஒரு மாணவி இரண்டு மணி நேரம் போராடினார். ஒளிப்புலத்தின் ஒரு மூலையில் சாம்பல் நிறத் திட்டு, எந்தக் கோணத்திலும் போகவில்லை. கருவியையே மாற்றிப் பார்த்தோம், திட்டும் கூடவே வந்தது. அப்போதுதான் புரிந்தது, கோளாறு குழாயில். ஒழுகக் கூடாது என்று மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருந்தார். அரைச் சுற்று தளர்த்தினேன். நான் திருகத் திருகவே அந்தத் திட்டு கண்ணுக்கு முன்னால் கரைந்துபோனதை அவர் கண்ணருகு வில்லை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான்: இறுக்கப்பட்ட கண்ணாடி அழுத்தத்தால் இரட்டை விலகல் (ஒளியை இரண்டாகப் பிரிக்கும் தன்மை) அடைகிறது, தளவிளைவுற்ற ஒளியைக் குலைக்கிறது. ரப்பர் வாஷர் மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒழுகாத அளவுக்கு விரல் நுனியால் திருகினால் போதும்.

இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. குழாயை அதன் இடத்திலேயே, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல, கால் சுற்று உருட்டுங்கள். திரவத்தின் சுழற்சி எந்தப் பக்கம் உருட்டினாலும் மாறாது, மூலக்கூறுகளுக்கு மேல் கீழ் என்று கிடையாது. உருட்டியதும் அளவு மாறினால் பழி திரவத்தின் மேல் இல்லை, கண்ணாடியின் மேல்.

"நேரம் ஆக ஆக அளவு மாறுகிறது"

இது பிழையாக இல்லாமல் வேதியியலாகவே இருக்கலாம். என்ன கரைசல் என்று பாருங்கள்.

குளுக்கோஸ் என்றால் நீங்கள் மியூட்டரொட்டேஷனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 1840-களில் பிரெஞ்சு வேதியியலாளர் துப்ரன்ஃபோ கண்டதும் இதையேதான். படிகத்தில் இருப்பது ஆல்ஃபா வடிவம், அதன் ஸ்பெசிஃபிக் ரொட்டேஷன் +112. தண்ணீரில் விழுந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக பீட்டா வடிவத்துக்கு (+18.7) மாறத் தொடங்கி, இரண்டும் கலந்த +52.7-இல் நிலைக்கும். 10 சதவீதக் கரைசல், 20 சென்டிமீட்டர் குழாய் என்றால் 22.4 டிகிரியிலிருந்து 10.5 வரை இறங்கும். மணிக்கணக்கில் ஆகும். காத்திருக்க முடியாதவர்கள் நீர்த்த அம்மோனியா ஒரு சொட்டு விட்டால் வேகமாக நிலைக்கு வந்துவிடும்.

சுக்ரோஸ் கரைசலில் அமிலம் சேர்த்திருந்தால் அளவு இறங்குவதுதான் பரிசோதனையே. சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சம அளவில் வரும். ஃப்ரக்டோஸ் −92, இடப்பக்கம் பலமாக இழுப்பது. அதனால் 13.3-இல் தொடங்கி பூஜ்யத்தைத் தாண்டி சுமார் −4 டிகிரியில் போய் நிற்கும். வலம் இடமாகப் புரள்வதால்தான் இதற்கு 'இன்வெர்ஷன்' என்று பெயர். ஃப்ரக்டோஸின் சுழற்சி வெப்பநிலைக்கு ஏற்ப நிறைய மாறும். ஆகவே கடைசி அளவை எடுக்கும்போது வெப்பநிலையைக் குறிக்காமல் விடாதீர்கள்.

அமிலமே சேர்க்காத சுக்ரோஸ் இறங்கினால்? எப்போது தயாரித்த கரைசல் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை கலக்கியதைத் திங்கட்கிழமை அளந்த ஒரு குழுவுக்கு 11 சொச்சம் வந்தது. மூடியைத் திறந்ததும் லேசான புளித்த வாடை. நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட்டுக்கு இரண்டு நாள் தாராளம். சர்க்கரைக் கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

"கிராஃப் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை"

செறிவுக்கும் சுழற்சிக்கும் வரைந்த கோடு நல்ல துப்பறிவாளர். நேர்கோடாக இருந்து ஆதிப்புள்ளியை விட்டு விலகினால் சுழிப்பிழையைக் கழிக்கவில்லை. ஆதிப்புள்ளி வழியாகப் போய்ச் சாய்வு மட்டும் குறைந்தால் முதலில் தயாரித்த மூலக் கரைசலே தப்பு. அதிலிருந்துதான் மற்றதை எல்லாம் நீர்த்துப்போகச் செய்திருக்கிறீர்கள், ஒரே விகிதத்தில் எல்லாமே குறைந்திருக்கும். ஒரு புள்ளி மட்டும் தனியே நின்றால் அந்த ஒரு நீர்த்த கரைசலை, அல்லது அந்த ஒரு வெர்னியர் (டிகிரியின் பின்னத்தைக் காட்டும் துணை அளவுகோல்) அளவை மறுபடி பாருங்கள். வெர்னியர் இரண்டு இருந்தால் இரண்டையும் வாசித்துச் சராசரி எடுங்கள், வட்டத்தின் மையம் சற்று விலகியிருந்தாலும் அது சரியாகிவிடும்.

"இரண்டு பாதியும் வேறு வேறு நிறமாக இருக்கின்றன"

சோடியம் விளக்கு கெட்டுப்போய் வெள்ளை எல்இடி வைத்தீர்களா? ஹாஃப் ஷேடில் இருக்கும் குவார்ட்ஸ் தகடு 589 நானோமீட்டர் மஞ்சளுக்கென்றே தேய்த்தது. வேறு நிறத்துக்கு அது சரியாக வேலை செய்யாது. மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றினாலும் போதாது, அது பச்சையிலிருந்து சிவப்பு வரை உள்ளே விடும். வெள்ளை ஒளியில் அளக்க வேண்டுமென்றால் பைகுவார்ட்ஸ் (எதிரெதிர்த் திசையில் திருப்பும் இரண்டு குவார்ட்ஸ் அரைத் தகடுகள்) உள்ள கருவி வேண்டும். அதில் பிரகாசத்தை ஒப்பிடாமல் நிறத்தை ஒப்பிடுகிறோம்.

"வீட்டில் செய்து பார்த்தேன், இருட்டாகவே மாட்டேன் என்கிறது, நிறம்தான் மாறுகிறது"

லேப்டாப் திரை தளவிளைவுற்ற ஒளியைத் தருகிறது. அதன் முன் கண்ணாடி டம்ளரில் கெட்டியான சர்க்கரைப் பாகை வைத்து, ஒரு போலராய்டு தகடு வழியாகப் பார்த்துத் திருப்பினால் நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறங்கள் மாறிக்கொண்டே வரும். எந்தக் கோணத்திலும் முழு இருட்டு வராது. இது கோளாறே இல்லை. அலைநீளம் குறையக் குறையச் சுழற்சி கூடுகிறது, ஏறக்குறைய அலைநீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில். பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ கண்ட விதி இது. 650 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் இருமடங்குக்கும் மேல் திரும்பியிருக்கும். ஒரு நிறத்தை அடைக்கும் கோணத்தில் மற்றவை நழுவி வந்துவிடுகின்றன. திரை முழுக்கச் சிவப்பை நிரப்பிப் பாருங்கள், இருட்டு இன்னும் நன்றாக வரும்.

போலராய்டுக்குப் பதில் தியேட்டரில் தந்த 3டி கண்ணாடியைப் பிடித்திருந்தால், பாகே இல்லாமல் பார்க்கும்போதும் இருட்டாமல் போகலாம். அவற்றில் பல வட்டத் தளவிளைவு வகை. வெளிப்பக்கம் ஒரு கால்அலைத் தகடு (நேர்த் தளவிளைவை வட்டத் தளவிளைவாக மாற்றும் படலம்) ஒட்டியிருக்கும், அது திரையின் ஒளியை எந்தக் கோணத்திலும் பாதியளவு உள்ளே விட்டுவிடும். கண்ணாடியைத் திருப்பி, கண்ணை ஒட்டும் பக்கம் திரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். இப்போது சுழற்றினால் திரை கறுக்கும்.